பெருமாளுக்கு மட்டும் விதிவிலக்கு

7

ஞானசௌந்தரியின் மூக்கு பொல்லாத மூக்கு. பிடிக்காத ஆளைப் பார்த்தால் தானாகச் சுருங்கிக்கொள்ளும். துப்பறிகிற தொழிலில் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டாள், முகத்தில் மற்ற எல்லாவற்றையும் அடக்கிப் பழகிவிட்டாள், மூக்கு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அது சுருங்கித்தான் இருந்தது. காரணம் கையிலிருந்த தாள்.

'மேனேஜர் பூவராகவன் சார் மீது நான் கொடுத்த புகார் முழுக்கப் பொய். சொந்தக் கோபத்தில் எழுதிவிட்டேன். எல்லோரும் மன்னிக்கவும். தபிதா.'

செவ்வாய்க்கிழமை மதியம் தபிதாவின் ஆபீஸ் மெயிலிலிருந்து, ஜீவரசம் மாம்பழக்கூழ் கம்பெனியின் சித்தூர் தொழிற்சாலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் போன கடிதம் அது. தான் எழுதவே இல்லை என்று தபிதா அழுகிறாள். ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிற பெண். சரக்கு பார்க்கலாம் வா என்று குளிர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பூவராகவனைப் பற்றித் துணிந்து எழுதிக் கொடுத்தவள். அவனால் கஷ்டப்பட்டவர்கள் அந்தக் கம்பெனியில் நாலைந்து பேர் உண்டு, எழுதிக் கொடுத்தது இவள் ஒருத்திதான். இன்று மூன்று மணிக்கு விசாரணைக் கமிட்டி கூடுகிறது. இந்தத் தாளை வைத்துப் புகாரை மூடிவிடுவார்கள். பொய்ப் புகார் கொடுத்தாள் என்று எழுதி அவளை வேலையை விட்டும் தூக்கிவிடுவார்கள். அப்புறம் சித்தூரில் அவள் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தப் பேர் கூடவே வரும்.

"சீ! செய்யறதையும் செஞ்சிட்டு, மன்னிப்பையும் அந்தப் பொண்ணு பேர்லயே எழுதிக்கினானுங்களே," என்றாள் ஞானசௌந்தரி.

"ரொம்ப சிக்கனமான ஆளுங்க மேடம்," என்றான் குணா. அவளுடைய உதவியாளன். நாற்பதை நெருங்குகிற வயது, பிச்சாட்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன், பசியோடு இருந்தால் இரண்டு மடங்கு பேசுவான். அன்று காலை அவன் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்தது திருப்பதியில், கம்பெனியின் தலைமை ஆபீஸில், சாய்குமாரின் அறையில். சித்தூர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களையும் இங்கிருந்தே கட்டி மேய்க்கிறவன் அவன்.

"பாஸ்வேர்ட் தெரிஞ்சா, தபிதாவோட மெயில இன்னொருத்தர் அவுங்க கம்ப்யூட்டர்ல தொறந்து வச்சிக்கலாமா?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"வச்சிக்கலாம் மேடம். ஆபீசுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல மட்டும். வெளிய முடியாது, போன்லயும் முடியாது. பிப்ரவரியில யாரோ ஒரு திருட்டு மெயில தொறந்து, ரெண்டு நாள் ஆபீஸே படுத்துக்கிச்சு. அதுலேருந்து எல்லா மிஷினுக்கும் இங்கேருந்தே ஒரே கட்டா செக்யூரிட்டி செட்டிங் போட்டுட்டேன். மெயில வெளிய தள்ளிவிட முடியாது. கூட வர ஃபைல நேரா தொறக்க முடியாது. மெயில்ல படம் தெரியாது. படம் இருக்கற எடத்துல காலிக் கட்டமும் செகப்பு எக்ஸும்தான் வரும்."

"பரவால்ல, படத்தக் காட்டுன்னு கேட்டா?"

"அந்த பட்டனையே எடுத்துட்டேன் மேடம்." சாய்குமார் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் பெருமை வந்தது.

"தபிதா மெயில எந்த மிஷின்ல தொறந்தாங்கன்னு பார்த்துச் சொல்லேன்."

"அதான் முடியாது. சித்தூர் ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரே லைன். உள்ள முப்பத்தேழு மிஷின் இருந்தாலும் சர்வருக்கு அது ஒரே வீடு."

"எங்க ஊர் லைன் வீடு மாதிரி," என்றான் குணா. "கருவாட்டு வாசனை வரும். எவன் வீட்டு அடுப்புன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

"முப்பத்தேழுலயும் செட்டிங் போட்டியா? ஒண்ணு கூட விடலியா?"

சாய்குமார் கழுத்தைச் சொறிந்தான். "ஒகடே மேடம். ஒண்ணே ஒண்ணு. மேனேஜர் சார் கம்ப்யூட்டருக்குப் படம் மட்டும் தெரியறமாதிரி எக்ஸெப்ஷன் குடுத்திருக்கேன்."

கதை இதுதான். பூவராகவனுக்கு ஒரு பக்தர் குழுவிலிருந்து தினமும் காலையில் மெயில் வரும், பெருமாளின் அலங்காரப் படத்தோடு. அதைத் திரை முழுக்க விரித்துவைத்து, கற்பூரம் ஏற்றி, மானிட்டருக்கே ஆரத்தி காட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். செட்டிங் போட்ட மறுநாள் காலை கற்பூரத் தட்டோடு நிற்கிறான், பெருமாள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு எக்ஸ்!

"என் பெருமாளையே அடிச்சிட்டியாடான்னு போன்ல கத்துனாரு மேடம். என் காது இன்னும் சரியாகல. அஞ்சு நிமிஷத்துல எக்ஸெப்ஷன் போட்டுக் குடுத்துட்டேன்."

"ஏழுமலையானுக்கே பர்மிஷன் ஸ்லிப்பா!" என்றான் குணா.

ஞானசௌந்தரியின் மூக்கு அன்று முதல் தடவையாக நேரானது.

"குணா, எழுந்திரு. நாமளும் ஒரு படம் அனுப்புவோம்."

திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற வழியெல்லாம் குணா மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தான். அவள் சொன்னது எளிய வேலைதான். தபிதாவுக்கு ஒரு மெயில். படத்தை மெயிலுக்குள் வைக்கக் கூடாது. தங்களுடைய இணையதளத்தில் வைத்துவிட்டு, மெயிலில் அது இருக்கிற விலாசத்தை மட்டும் கொடுக்க வேண்டும். மெயிலைத் திறக்கிற கம்ப்யூட்டர் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டு இவர்கள் வாசலுக்கு வரும். எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஆபீஸ் லைனிலிருந்து வந்தது என்று பதிவாகிவிடும்.

"செட்டிங் போட்ட முப்பத்தாறு மிஷினும் படத்தக் கேக்கவே கேக்காது," என்றாள் அவள். "தபிதாவோட மிஷினும் கேக்காது. கேட்டு வந்தா அது அந்த ஒரே ஒரு மிஷின்தான்."

"பெருமாள் வர ஜன்னல் வழியாவே கைய உட்டுப் புடிக்கிறோம். இன்னா மேடம், நம்மள சாமி ஒண்ணும் பண்ணாதே?"

"அந்த ஆளப் புடிச்சிக் குடுத்தா சாமி நமக்கு லட்டு குடுக்கும். ரோட்டப் பாத்து உக்காரு."

காணிப்பாக்கம் பிரியும் இடம் தாண்டியதுமே நாற்றம் காருக்குள் ஏறிவிட்டது. ஜூன் மாதம். கூழ் பிழிந்த மாம்பழத் தோலும் கொட்டையும் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, வெயிலில் புளித்து, ஈ மொய்த்துக் கிடக்கிற மாதம். மாம்பழத்தை விரும்பித் தின்கிற யாரும் இந்த வாசனையை ஒரு மணி நேரம் முகர்ந்தால் அந்த வருஷம் மாம்பழம் பக்கம் போக மாட்டார்கள். குணாவே பசியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கமிட்டித் தலைவி கேசியா, தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி. ஐம்பத்தைந்து வயது. சித்தூரின் பழைய மிஷன் சபையில் முதல் பெஞ்ச்சில் உட்காருகிறவள். தபிதாவுக்கு ஞாயிறு பள்ளி டீச்சராக இருந்தவள். ஞானசௌந்தரிக்கும் அதே சபைதான்.

"ஸ்தோத்திரம் அக்கா."

"ஸ்தோத்திரம் சௌந்தரி. வா, உக்காரு. அந்தப் புள்ளைக்காகத்தான் நானும் அழுது ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்." கேசியாவின் குரல் பாகு மாதிரி வழிந்தது. "அவளே தப்புன்னு எழுதிட்டப்புறம் நான் இன்னா செய்யறது சொல்லு?"

"அவ எழுதலக்கா. ஒரு வாரம் டைம் குடுங்க."

"என் கையில இல்லம்மா. வெளி மெம்பர் லட்சுமம்மா மதனப்பள்ளிலேருந்து வராங்க. இன்னிக்கே முடிச்சாகணும்."

மேஜையில் மாம்பழ ஜூஸ் வந்தது. அதற்கு முன்னாலேயே ஓர் ஈ அதில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. ஞானசௌந்தரி டம்ளரைத் தள்ளி வைத்தாள். தள்ளும்போதுதான் கேசியாவின் மானிட்டரைப் பார்த்தாள். மேல் விளிம்பு முழுக்கக் கறுப்பாய் ஒரு தீற்றல். அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. விரலால் ஓர் இழுப்பு இழுத்தாள். பிசுக்கில்லாத காய்ந்த கரி விரலோடு வந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். இந்த ஆபீஸில் துடைக்கிற ஆளும் இல்லை போல என்று நினைத்ததோடு சரி.

"ஆசிர் எப்படி இருக்கான்?" என்று கிளம்பும்போது கேட்டாள். ஆசிர், கேசியாவின் மகன்.

"கர்த்தர் கிருபை. திருப்பதி ஆபீஸ்ல அடுத்த மாசம் நிரந்தரம் ஆகப்போவுது. வா, தபிதாவுக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போலாம்."

கேசியா கண்ணை மூடிக்கொண்டு, வழி தவறிய பிள்ளைக்கு மனந்திரும்புதல் தரும்படி மூன்று நிமிஷம் கேட்டாள். ஞானசௌந்தரி கண்ணை மூடவில்லை. ஈயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, நிழலில் நிறுத்தியிருந்த இவர்களுடைய காரில் குணாவோடு தபிதா காத்திருந்தாள். அவளை அரை நாள் லீவு போடச் சொல்லியிருந்தாள் ஞானசௌந்தரி. முப்பத்திரண்டு வயது முகம் இரண்டு நாளில் வற்றிப் போயிருந்தது.

"பாஸ்வேர்ட் யாருக்காச்சும் சொன்னியா?"

"சத்தியமா இல்லக்கா."

"இன்னா பாஸ்வேர்ட்?"

தபிதா குணாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "வாக்குத்தத்த அட்டைக்கா."

குணாவுக்கு விளங்கவில்லை. ஞானசௌந்தரிதான் சொன்னாள். புத்தாண்டு ஆராதனையில் ஒரு தட்டு நிறைய அட்டைகள் வரும். ஒவ்வொருவரும் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அவர்களுக்கு அந்த வருஷத்து வாக்குத்தத்தம். வீட்டில் கதவில் ஒட்டிவைப்பார்கள், ஆபீஸில் மேஜைமேல் ஒட்டிவைப்பார்கள்.

"எழுத்து இருக்கணும், நம்பர் இருக்கணும், ஏதாச்சும் ஒரு குறி இருக்கணும்னு சாய்குமார் சொன்னாருக்கா," என்றாள் தபிதா. "வசனத்துல எல்லாம் தானா இருந்துச்சு. பைபிள்ல அந்த ஆகமத்தோட பேரு, அதிகாரம், நடுவுல ரெண்டு புள்ளி, வசன நம்பர்."

"பூட்டப் பூட்டி, சாவியக் கதவுலயே ஒட்டி வச்சிக்கினு கீறீங்களே!" குணா தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஞானசௌந்தரி அவளைத் திட்டவில்லை. அந்தச் சபையில் பாதிப் பேரின் பாஸ்வேர்ட் அப்படித்தான். அவளுடையதும் அதேதான், குணாவுக்கு அது தெரியாது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அட்டையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதுதான் சாவி என்பது பூவராகவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் மிஷன் கோயில் வாசலைக்கூட மிதித்தவன் இல்லையே. சரி, யாராவது உளறியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். பின்னால் இந்த இடத்தை நினைத்துத் தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

சரியாகப் பதினோரு மணிக்கு மெயில் போனது. குணா எழுதியது:

'தபிதாக்கா, அன்னிக்கு குளிர் ரூம்கிட்ட நான் நின்னுக்கினு இருந்தேன். போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கேன். மூணு மணிக்கு கமிட்டிக்குக் கொண்டாரேன். யாருக்கும் சொல்லாதீங்க.' கீழே சின்னதாய் ஒரு மாம்பழப் படம்.

தபிதா தன் மிஷினுக்குப் பக்கத்திலேயே இல்லை. யாராவது அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து திறந்தாலும் அங்கே படம் தெரியாது. மூன்று பேரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு காரில் வெந்தார்கள்.

பதினொன்று பதினான்கு.

"மேடம்! கேட்டுச்சி! சித்தூர் ஆபீஸ் லைன்லேருந்து ஒரு மிஷின் மாம்பழத்தக் கேட்டுச்சி!"

"பூவராகவன்," என்றாள் ஞானசௌந்தரி. பல்லைக் கடித்துக்கொண்டு காரை விட்டு இறங்கினாள்.

இறங்கிய வேகத்திலேயே திரும்ப வேண்டியதாயிற்று. மேனேஜரின் அறை பூட்டியிருந்தது. சாவி அவனிடம் மட்டும்தான் இருக்குமாம். திருமலைக்குப் போயிருக்கிறார், நேற்று சாயங்காலமே கிளம்பிவிட்டார், இரண்டு மணிக்கு வருவார் என்றான் வாட்ச்மேன். சாய்குமாருக்குப் போன் போட்டாள். அவன் தன் திரையைப் பார்த்துச் சொன்னான், மேனேஜர் மிஷின் நேற்று சாயங்காலம் அணைத்ததுதான், இன்னும் உயிர் வரவில்லை.

"அப்போ கேட்டது யாரு? பெருமாளேவா?" என்றான் குணா. அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை.

மணி ஓடியது. தபிதா கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் ஞானசௌந்தரியைக் குடைந்தது.

இரண்டு பத்துக்குப் பூவராகவன் வந்து இறங்கினான். புது மொட்டை, மொட்டையில் சந்தனம், கையில் லட்டுப் பை. வாசலிலேயே இவர்களைப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க வாங்க. துப்பறியறவங்களா? நல்லா துப்பறிங்க. ஒன்பது மணிக்கு உள்ளே போனேன், பதினொண்ணே முக்காலுக்குத்தான் வெளியே வந்தேன். போன்கூட கையில கிடையாது, கவுன்ட்டர்ல குடுத்தாச்சு. திவ்யமான தரிசனம்!" டிக்கெட்டை நீட்டினான். நேரம் அச்சில் இருந்தது. அவன் சொன்னது நிஜம்.

"பிரசாதம் எடுத்துக்குங்கோ." லட்டை உடைத்து நீட்டினான். லட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீட்டிய விரல்களைப் பார்த்ததும், அவை தபிதாவின் கையைப் பிடித்த விரல்கள் என்று தோன்றியதும், அவள் ஓரடி பின்னால் போனாள். குணா முன்னால் வந்து வாங்கிக்கொண்டான். காலையிலிருந்து அவன் வயிற்றில் விழுந்த முதல் பண்டம் அதுதான்.

"ஒரு நிமிஷம். காலை பூஜை பாக்கி," என்று பூவராகவன் அறையைத் திறந்து மிஷினைப் போட்டான். பளபளவென்று பெரிய மானிட்டர். மெயிலில் பெருமாள் வந்தார். கற்பூரம் ஏற்றி, தட்டைத் திரைக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினான். கண்ணில் நீர்கூட வந்தது அவனுக்கு. புகை மேலே எழுந்து மானிட்டரின் மேல் விளிம்பைத் தடவிக்கொண்டு போயிற்று.

ஞானசௌந்தரி அந்த விளிம்பையே பார்த்தாள். அங்கே மங்கலாய், புதிதாய், ஒரு கறுப்புக் கோடு. வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவள் நின்றுவிட்டாள். கைக்குட்டையிலும் ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

"சார், இந்த மிஷின் புதுசா?"

"ஏப்ரல்ல வாங்கினது. ஏன்?"

"நல்லாருக்கு. அதான் கேட்டேன்."

வெளியே வந்ததும் சாய்குமாருக்குப் போன் போட்டாள். "தம்பி, ஏப்ரல்ல மேனேஜருக்குப் புது மிஷின் வந்துச்சே, பழைய மிஷின் எங்க போச்சு?"

"அது… சித்தூர்லயே யாருக்கோ மாத்தி வச்சிருப்பாங்க மேடம்."

"அதுல பெருமாளுக்குக் குடுத்த எக்ஸெப்ஷன எடுத்துட்டியா?"

சாய்குமாரின் குரல் இறங்கிப்போயிற்று. "புதுசுக்குப் போட்டேன் மேடம். பழசுல எடுக்கல. ஏதாச்சும் எடுக்கப் போயி மறுபடி பெருமாள் காணாம போயிட்டா என் வேலையே போயிடும். பயந்துகினு அப்படியே உட்டுட்டேன். ரெண்டுமே மேனேஜர் கம்ப்யூட்டர்தானேன்னு ஒண்ணுன்னு சொல்லிட்டேன். சாரி மேடம்."

ஞானசௌந்தரி கைக்குட்டையை விரித்து அந்தக் கரியைப் பார்த்தாள். முதல் பெஞ்ச். ஞாயிறு பள்ளி. மூன்று நிமிஷ ஜெபம்.

"இன்னா மேடம்? மூக்கு காதுகிட்ட போயிடுச்சி!"

"கற்பூரம் ஏத்தற வழக்கமே இல்லாத வீட்டு அம்மா மானிட்டர்ல, கற்பூரக் கரி எங்கேருந்துடா வரும்?"

குணா வாயில் இருந்த லட்டை விழுங்கினான்.

மூன்று மணிக்குக் கேசியாவின் அறையில் கமிட்டி கூடியது. வெளி மெம்பர் லட்சுமம்மா ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், கனமான கண்ணாடி, வந்த கையோடு ஃபைலை வரிவரியாகப் படித்தவர். சுவரோரம் தபிதா நின்றாள். பூவராகவன் மொட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, அஞ்சு நிமிஷம்," என்று லட்சுமம்மாவிடம் கும்பிட்டுக் கேட்டாள் ஞானசௌந்தரி. "இந்த ஆபீஸ் மிஷின் எதுலயும் மெயில்ல படம் தெரியாது. சாய்குமார் பூட்டியிருக்காரு. இப்போ எல்லாருக்கும் பெருமாள் படத்தோட ஒரு மெயில் அனுப்பச் சொல்றேன். குணா கூட வெளிய போய், ஒவ்வொரு மிஷினாப் பாத்துட்டு வாங்க."

லட்சுமம்மா எழுந்து போனார். குணா ஒவ்வொரு மேஜையாகக் காட்டினான். காலிக் கட்டம், சிவப்பு எக்ஸ். காலிக் கட்டம், சிவப்பு எக்ஸ். தபிதாவின் மேஜையில் வாக்குத்தத்த அட்டைக்குப் பக்கத்திலும் அதேதான். மேனேஜர் அறையில் மட்டும் பெருமாள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. திரும்பி வந்து கேசியாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார் லட்சுமம்மா.

"நீங்களும் தொறங்கக்கா," என்றாள் ஞானசௌந்தரி.

"எனக்கு எதுக்கும்மா? நான் பெறவு பாத்துக்கறேன்," என்ற கேசியாவின் கை மவுஸிலிருந்து விலகியது.

லட்சுமம்மா குனிந்து தானே அதைத் திறந்தார். திரை முழுக்க விரிந்தார் பெருமாள், வைர முடியும் துளசி மாலையுமாக. கற்பூரக் கரி படிந்த விளிம்புக்குள் அவர் பளிச்சென்று நின்றார்.

"பதினொண்ணு பதினாலுக்கு தபிதாவோட மெயில ஒரு மிஷின் படத்தோட தொறந்துச்சும்மா," என்றாள் ஞானசௌந்தரி. "படம் தெரியற மிஷின் இந்த ஆபீஸ்ல ரெண்டுதான். ஒண்ணு அப்போ பூட்டிக் கெடந்துச்சு. இன்னொண்ணு இது. அந்தப் பக்கம் மெயில் பெட்டி வரிசையில, கீழ ஒரு பேரு சுருட்டி வச்சிருக்கு பாருங்க. அத விரிங்க."

லட்சுமம்மா விரித்தார். கேசியாவின் பெயருக்குக் கீழே தபிதாவின் பெயர். தபிதா தன் வக்கீல் அண்ணனுக்கு எழுதியவை, கூட வேலை செய்கிற பெண்களுக்குச் சாட்சி சொல்லும்படி கெஞ்சி எழுதியவை, எல்லாம் திறந்து படித்த நிலையில் வரிசையாக இருந்தன. செவ்வாய்க்கிழமை மன்னிப்பும் அங்கேதான் இருந்தது.

"சீ, ஏம் மனுஷுலம்மா மீரு! என்ன மனுஷிம்மா நீ!" என்றார் லட்சுமம்மா. "இவ சொல்றத கேக்கத்தான உன்ன இந்த நாற்காலியில உக்கார வச்சாங்க?"

பூவராகவன் சத்தமில்லாமல் எழுந்தான். கதவில் குணா சாய்ந்து நின்றிருந்தான். "உக்காருங்க சாமி. பிரசாதம் இன்னும் கீது."

"அவருதான் எழுதச் சொன்னாரு," கேசியா மூச்சு வாங்கச் சொன்னாள். "வார்த்தைக்கு வார்த்தை அவருதான் சொன்னாரு. ஆசிரோட வேலை அவரு கையெழுத்துல நிக்குது. சௌந்தரி, உனக்குப் புள்ளையிருந்தா தெரியும்." பிறகு தபிதாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். "தபி, வாம்மா. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணலாம். கர்த்தர் மன்னிப்பாரு."

தபிதா வெளியே போனாள். எல்லோரும் அழப் போகிறாள் என்று நினைத்தார்கள். தன் மேஜையிலிருந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டு திரும்பி வந்து, அதைக் கேசியாவின் முன்னால் வைத்தாள்.

"புத்தாண்டு அன்னிக்குத் தட்ட நீட்டுனது நீங்கதான் டீச்சர். நான் இத எடுத்ததும், வாங்கிப் படிச்சி, என் தலைமேல கைய வச்சி ஜெபம் பண்ணதும் நீங்கதான். அந்தக் கைதான டீச்சர்?"

கேசியா அட்டையைப் பார்க்கவில்லை. அறையில் மாம்பழத் தோல் நாற்றம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. லட்சுமம்மா ஃபைலை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். புகார் அப்படியே நிற்கிறது, விசாரணை இனிமேல் திருப்பதியில், இந்த அம்மா இல்லாமல் நடக்கும், தபிதா நாளைக்கு வழக்கம் போல வேலைக்கு வர வேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூவராகவனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று குணாவிடம்தான் கேட்டார்.

ஐந்து மணிக்கு ஆபீஸ் காலியானது. தபிதா தன் நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்வேர்ட் மாற்றுகிற பக்கத்தைத் திறந்தாள். ஞானசௌந்தரி பக்கத்தில் நின்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஜெயித்த கேஸ்தான். ஆனாலும் கையை எத்தனை தடவை கழுவினாலும் கரி போகாத மாதிரி இருந்தது அவளுக்கு.

தபிதா தட்டத் தொடங்கியவள் நிறுத்தினாள். இடது கையைக் கீபோர்டின் மேல் மறைப்பாகக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

ஞானசௌந்தரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.